கென்யாவில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க மாதம் 3,000 ரூபாய்: இந்தப் பணம் எங்கே போய்ச் சேரும்?

பொள்ளாச்சி செந்தில் (சனி, இரவு 9.12)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா தவறி வருகிற ஐப்பசியோடு ஒரு வருடம் ஆகிறது. அவர் நாலு வயதில் தகப்பனை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்து, யாரோ ஒரு வாத்தியார் புத்தகம் வாங்கிக் கொடுத்துப் படித்தவர். அவர் நினைவாக ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம்.

அந்த நேரம் பார்த்து, அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவரின் மைத்துனர் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். கென்யாவில் ஒரு ஆதரவற்றோர் இல்லம். 42 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு போட்டோ, பெயர், வயது, கீழே 'டாக்டர் ஆக ஆசை', 'பைலட் ஆக ஆசை' என்று ஒரு வரி. மாதம் 3,000 ரூபாய் கட்டினால் ஒரு பிள்ளை 'உங்களுடையது' என்கிறார்கள். மனைவி ஒரு பெண் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தே விட்டாள். எனக்குத்தான் எங்கோ இடிக்கிறது. நம்பிக் கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாட்டாமை78 (சனி, இரவு 9.20)

பொள்ளாச்சியில் பிள்ளைகளே இல்லையா?

நெறியாளர் (சனி, இரவு 9.41)

நாட்டாமை சார், அதற்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள், வரவேற்கிறேன். இங்கே கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும். செந்தில், உங்கள் பதிவில் இணைத்திருந்த ஆறு பிள்ளைகளின் படங்களை நீக்கிவிட்டேன். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள்.

கிசுமு கணக்கர் (சனி, இரவு 11.05)

செந்தில் தம்பி, நான் கென்யாவில் கிசுமு பக்கம் ஒரு ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். விக்டோரியா ஏரிக்கரை ஊர். ஒன்பது வருடம் ஆச்சு.

அந்த இல்லத்துக்கு முதலில் ஒரு கேள்வி அனுப்புங்கள். 42 பேரில் எத்தனை பேருக்குத் தாய், தகப்பன் இரண்டு பேருமே இல்லை? மற்றவர்களுடைய அம்மாவோ பாட்டியோ எங்கே இருக்கிறார்கள், பிள்ளை கடைசியாக எப்போது வீட்டுக்குப் போய் வந்தது?

'அநாதை' என்றதும் நமக்கு வருகிற படம் வேறு, அவர்கள் கணக்கு வேறு. யுனிசெஃப் கணக்கில் 18 வயதுக்குள் தாய் தகப்பனில் ஒருவர் இறந்திருந்தாலே போதும். 2015-இல் உலகம் முழுக்க அப்படி ஏறக்குறைய 14 கோடிப் பிள்ளைகள். அதில் இருவரையும் இழந்தவர்கள் 1.51 கோடி. பத்தில் ஒன்று சொச்சம். மீதி ஒன்பது பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். அந்த ஒருவருக்கும் பெரும்பாலும் பாட்டியோ சித்தியோ உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் அப்பாவும் இந்தக் கணக்கில் வருகிறவர்தான். அவருக்கு மாமன் வீடு இருந்தது. இந்த ஊரிலும் மாமன் வீடு உண்டு, அங்கே காசுதான் இல்லை.

கிசுமு, சியாயா, ஹோமா பே எல்லாம் எச்ஐவி மிக மோசமாக அடித்த இடங்கள். 2006-இல் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கும் முன்பே நடுவயதுக்காரர்கள் கொத்துக் கொத்தாகப் போய்விட்டார்கள். மிஞ்சியது மேலே பாட்டி, கீழே பேரப்பிள்ளைகள். எங்கள் ஆலை மதிலுக்கு வெளியே ஒரு பாட்டி ஓமேனா விற்கிறார், நம் நெத்திலி மாதிரிப் பொடி மீன். (ஸ்வாஹிலியில் பாட்டிக்கும் தக்காளிக்கும் ஒரே சொல், 'ந்யான்யா'. வந்த புதிதில் இதனால் நான் பட்ட பாடு தனிக் கதை.) அவர் வீட்டில் மூன்று பேரப்பிள்ளைகள். ஒருவனுக்கு இருவரும் இல்லை, ஒருத்திக்கு அப்பா இல்லை, சின்னவனின் அம்மா நைரோபியில் வீட்டு வேலை பார்க்கிறார். இந்த மூவரில் யார் அநாதை, யார் இல்லை என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சோறு ஒரே சட்டிதான்.

தாழம்பூ (ஞாயிறு, காலை 7.30)

கணக்கர் அண்ணா சொல்வதை நான் வேறு நாட்டில் பார்த்தேன். சில வருடம் முன்னால் கம்போடியா போனபோது அங்கோர் கோயில் பார்த்து முடித்த சாயங்காலம், டுக்டுக் ஓட்டுகிறவர் 'ஆர்ஃபனேஜ் பார்க்கலாமா' என்று கேட்டார். கோயில், சந்தை, ஆர்ஃபனேஜ்: அதுவும் ஒரு ஸ்டாப். பிள்ளைகள் அப்சரா நடனம் ஆடினார்கள், நாங்கள் கைதட்டி உண்டியலில் போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் பள்ளிக்கூட நாள் என்பது அறைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

அப்புறம் வந்து படித்தேன். கம்போடிய அரசும் யுனிசெஃபும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி 2005-இலிருந்து ஐந்தே ஆண்டில் அங்கே இல்லங்கள் 75 சதவீதம் கூடியிருக்கின்றன. உள்ளே இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்! நாட்டில் அநாதைகள் கூடியதால் வந்த கூட்டம் இல்லை அது. சுற்றுலாப் பயணிகள் கூடினார்கள், இல்லங்கள் கூடின. நேபாளத்தில் இன்னும் மோசம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஹும்லா போன்ற மலை மாவட்டங்களில் 'காத்மாண்டுவில் படிக்க வைக்கிறோம்' என்று பெற்றோரிடமே பணம் வாங்கிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், பெற்றோர் செத்ததாகக் காகிதம் தயாரித்தார்கள். இதற்கு 'அநாதை இல்லக் கடத்தல்' என்றே பெயர் வந்துவிட்டது. 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது ஆஸ்திரேலியா இதையும் அடிமைமுறையின் ஒரு வடிவம் என்று ஒப்புக்கொண்டது.

உங்கள் இல்லமும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளின் போட்டோவைக் காட்டி 'தேர்ந்தெடுங்கள்' என்கிற இடத்தில் என் கால் ஒரு அடி பின்னால் போகும்.

பொள்ளாச்சி செந்தில் (ஞாயிறு, காலை 10.15)

மனைவியிடம் படித்துக் காட்டினேன். அப்சரா நடனம் வரை வந்ததும் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

ஒரு சந்தேகம். கென்யாவில் 2003-இலிருந்தே ஆரம்பப் பள்ளி இலவசம், 2008-இலிருந்து உயர்நிலைப் பள்ளியும் இலவசம் என்று போட்டிருக்கிறது. பிள்ளை வீட்டில் இருக்கிறது, பள்ளி இலவசம் என்றால் பணம் எதற்கு?

கிசுமு கணக்கர் (ஞாயிறு, மாலை 6.50)

நல்ல கேள்வி. நானும் முதல் வருடம் இதையே கேட்டேன், அந்தப் பாட்டி சிரித்தார்.

இலவசம் என்பது பாடம் நடத்துவதற்கு. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வருடம் 22,244 ஷில்லிங் என்று அரசு பள்ளிக்குக் கொடுக்க வேண்டும். அது தாமதமாக வரும், குறைத்தும் வரும். வீட்டிலிருந்து போய் வருகிற பள்ளியில்கூட மதியச் சாப்பாட்டுக்குப் பெற்றோர்தான் கட்ட வேண்டும். கிதேரி போடுவார்கள், மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்தது. அந்தப் பணம் கட்டாவிட்டால் காலையில் வரிசையில் நிற்க வைத்துப் பெயர் வாசித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிற பள்ளிகள் உண்டு. கையில் பையோடு பத்து மணிக்கு ரோட்டில் நடந்து வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் இங்கே யாரும் 'ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை' என்று கேட்பதில்லை. தெரியும்.

விடுதிப் பள்ளி என்றால் அது வேறு உலகம். ஃபார்ம் ஒன் (அப்போது உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பு) சேருவதற்கு வந்த கடிதத்தை ஒருமுறை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். மெத்தை, பூட்டுப் போட்ட தகரப் பெட்டி, போர்வை, வாளி, இரண்டு செட் சீருடை, ஸ்வெட்டர், கறுப்பு ஷூ, ஒரு கட்டு வெள்ளைத்தாள், கழிவறைக் காகிதம், மண்வெட்டி. மண்வெட்டிக்குக் காம்பு சேர்த்தா சேர்க்காமலா என்று பாட்டிக்குச் சந்தேகம். இதற்கு மேல்தான் கட்டணம். ஓமேனா விற்கிற வீட்டில் ஒரே மாதத்தில் இது எங்கிருந்து வரும்? நல்ல மார்க் எடுத்து, பெரிய பள்ளியில் இடமும் கிடைத்து, கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்ட பிள்ளைகள் இங்கே நிறைய.

மருதன் (ஞாயிறு, இரவு 8.30)

நான் பொருளாதாரம் படிப்பவன், நேரில் பார்த்ததில்லை, படித்ததைச் சொல்கிறேன்.

மேற்குக் கென்யாவின் புசியா பகுதியில் பல ஆண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு உண்டு. பெற்றோர் இறந்தபின் பள்ளி வருகை குறைகிறது, தாய் இறந்தால் தந்தை இறந்ததைவிடக் கூடுதலாக. எனக்குத் தூக்கம் கெட்டது இன்னொரு விஷயத்தில்: சாவுக்கு முன்பே வருகை குறையத் தொடங்கிவிடுகிறது. பிள்ளை வீட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கும்.

கென்யா அரசே இதற்குப் பணம் கொடுக்கிறது. 2004-இல் கரிசா, குவாலே, நைரோபி மூன்றிலுமாக 500 குடும்பங்களுக்கு மாதம் 500 ஷில்லிங் என்று தொடங்கியது. பிறகு 1,500, அப்புறம் 2,000. நம் பணத்தில் 1,300 சொச்சம். இல்லத்துக்குக் கொடுப்பதில்லை, பிள்ளையை வளர்க்கிறவர் கையில். ஆய்வு செய்து பார்த்தபோது ஆரம்பப் பள்ளியில் பெரிய மாற்றமில்லை, ஏற்கெனவே பெரும்பாலோர் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில்தான் கூடியது. கணக்கர் சொன்ன அந்தக் கடிதம் மடிபடுகிற இடம். குறையும் உண்டு: வீட்டில் ஒரு பிள்ளை என்றாலும் ஐந்து என்றாலும் அதே 2,000, பத்தாண்டுக்கு மேலாக விலைவாசி ஏறியும் அதே 2,000.

சீருடையும் சின்ன விஷயமில்லை. அதே மேற்குக் கென்யாவில் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் படிப்பை விட்ட பெண் பிள்ளைகள் 19 சதவீதத்திலிருந்து 16 ஆனது. கர்ப்பமானவர்கள் 16-இலிருந்து 13. ஒரு கவுனும் சட்டையும் செய்த வேலை.

நாட்டாமை78 (ஞாயிறு, இரவு 9.02)

சரி, நானும் கேட்கிறேன். கையில் காசு கொடுத்தால் பெரியப்பன் சாராயக் கடைக்குப் போக மாட்டானா? இல்லத்திலாவது ஒரு கணக்கு இருக்கும்.

மருதன் (ஞாயிறு, இரவு 9.25)

நியாயமான பயம்தான் சார். ஆனால் பல நாடுகளில் தேடிப் பார்த்துவிட்டார்கள், இப்படிப் பணம் வாங்கும் வீடுகளில் குடிச் செலவு ஏறியதாகப் பொதுவாகத் தெரியவில்லை. 'பள்ளிக்கு அனுப்பினால்தான் பணம்' என்று நிபந்தனை போடலாமா என்பதில்தான் சண்டை. மலாவியின் சோம்பாவில் 2008, 2009-இல் இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். நிபந்தனை வைத்த இடத்தில் படிப்பு கூடியது. நிபந்தனை இல்லாத இடத்தில் இளவயதுக் கல்யாணமும் கர்ப்பமும் குறைந்தன, அதுவும் படிப்பை விட்டுவிட்ட பெண்களிடம். யோசித்துப் பாருங்கள், பள்ளியை விட்ட அன்றைக்கே பணத்தையும் நிறுத்தினால் அந்தப் பெண்ணுக்கு அடுத்த வழி என்ன?

கிசுமு கணக்கர் (திங்கள், காலை 5.40)

நாட்டாமை சார் சொல்கிற பெரியப்பன் இல்லாமலில்லை. தம்பி செத்ததும் நிலத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை மாடு மேய்க்க விட்ட ஆளை எனக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஊருக்குள் ஆள் வேண்டும், பொள்ளாச்சியிலிருந்து முடியாது.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ந்யான்யா வீட்டில் இருவரையும் இழந்தவனுக்கு மட்டும் நான் செலவு செய்ய ஆரம்பித்தேன். சீருடை, பை, பாட்டா கடையில் கறுப்பு ஷூ. அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆலை வாசலில் பார்க்கிறேன், அந்த ஷூ அவன் அத்தை மகள் காலில். இவன் செருப்போடு போகிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே போய்ப் பாட்டியிடம் கேட்டேன். அவர் மீன் தட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை. திங்கள், புதன், வெள்ளி இவனுக்கு. செவ்வாய், வியாழன் அவளுக்கு. அவளுக்குப் பெரிதாக இருப்பதால் முன்னால் காகிதம் திணித்திருக்கிறது. 'நீ ஒருவனுக்கு வாங்கினாய், எனக்கு இரண்டு பேர் பள்ளிக்குப் போகிறார்கள்' என்றார். அவ்வளவுதான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு பிள்ளை 'நம்முடையது' என்று வீடியோவில் சொன்னார்களே, அது எனக்கு இடித்தது இதனால்தான்.

வாசுகி எம் (திங்கள், மதியம் 1.10)

எல்லா இல்லத்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். போக இடமே இல்லாத பிள்ளை, வீட்டிலேயே அடிபடுகிற பிள்ளை இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கூரை வேண்டும், கொஞ்ச காலத்துக்காவது. ஆனால் நாடுகளே திசை மாறிவிட்டன. கென்யா 2017 நவம்பரில் புது இல்லங்களுக்குப் பதிவு கொடுப்பதை நிறுத்தியது. 2022-இலிருந்து 2032 வரை பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்புவதற்கென்று ஒரு திட்டமே வைத்திருக்கிறது. இனப்படுகொலையில் அத்தனை பிள்ளைகளை அநாதையாக்கிய ருவாண்டாவும் 2012-இலிருந்து இல்லங்களை மூடிப் பிள்ளைகளை வீடுகளில் சேர்த்து வருகிறது. செந்தில், உங்கள் இல்லம் எந்த வருடம் பதிவானது என்று கேளுங்கள். 2017-க்குப் பிறகு என்றால் அடுத்த கேள்வியே தேவையில்லை.

கணக்கர் ஐயா, பிறப்புச் சான்றிதழ் பிரச்சினை அங்கே எப்படி?

கிசுமு கணக்கர் (திங்கள், இரவு 9.15)

அம்மா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பள்ளிப் பதிவு எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனபோது பிறப்புச் சான்றிதழ் எண் இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க முடியாமல் போனது. சேர்க்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கான அரசுப் பணமும் பள்ளிக்கு வராது. பிள்ளை வீட்டில் பிறந்திருக்கும், பதிவு செய்ய வேண்டிய அம்மா செத்திருப்பாள். உதவித்தொகைக்கு மனுப் போட்டால் பெற்றோரின் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதுவும் இருக்காது. அப்புறம் சீஃப் (ஊர்ப் பகுதியின் அரசு அதிகாரி) கையெழுத்துக்கு ஒரு நாள், டவுனுக்குப் பேருந்து, வரிசை, 'இன்று சிஸ்டம் வேலை செய்யவில்லை', மறுபடியும் பேருந்து. மீன் விற்காத நாள் எல்லாம் பட்டினி நாள். ஒரு பிள்ளைக்கு இந்தக் காகிதங்களை வாங்கிக் கொடுக்க எனக்கு நாலு மாதம் ஆனது. பெரிய செலவில்லை. இதற்கு நன்கொடை என்று யாரும் வீடியோ போடுவதில்லை.

ஓய்வுபெற்ற காசாளர் (செவ்வாய், காலை 11.00)

பணம் அனுப்புகிற வழி பற்றி யாரும் பேசவில்லையே. இந்தியாவில் வசிப்பவர் எல்ஆர்எஸ் என்கிற ரிசர்வ் வங்கித் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அன்பளிப்பும் நன்கொடையும் அதில் அடக்கம். பான் கார்டும், வங்கியில் நிரப்பிக் கொடுக்கிற ஏ2 படிவமும் வேண்டும். வருடம் 10 லட்சம் ரூபாய்க்குள் என்றால் டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) இல்லை. வெளிநாட்டு அறக்கட்டளைக்குக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடையாது. யாராவது கிடைக்கும் என்றால் அந்த ஆளை நம்பாதீர்கள். மாதாமாதம் 3,000 அனுப்பினால் வங்கிக் கட்டணமே ஒரு பங்கைத் தின்றுவிடும், சேர்த்து அனுப்புங்கள்.

பொள்ளாச்சி செந்தில் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30)

தாமதத்துக்கு மன்னிக்கவும். இல்லத்துக்கு எழுதினேன். பதிவு எண் கேட்டதற்கும், எத்தனை பேருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. 'ஆண் பிள்ளை வேண்டுமா, பெண் பிள்ளை வேண்டுமா' என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்கள். விட்டுவிட்டோம். மனைவி அந்தப் பெண்ணின் படத்தை இன்னும் அழிக்கவில்லை. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கணக்கர் அண்ணனிடம் போனில் பேசினேன். ஒரு பிள்ளைக்கு மூன்று டெர்முக்கும் சேர்த்து ஒரே தடவையாக, அந்த ஊர்ப் பகல்நேரப் பள்ளியின் வங்கிக் கணக்குக்கே அனுப்பினோம், சாப்பாட்டுப் பணம் உட்பட. பள்ளி கொடுத்த ரசீதை அண்ணன் போட்டோ எடுத்து அனுப்பினார், பெயரை விரலால் மறைத்து. சரிதான், எங்களுக்குப் பெயர் எதற்கு.

அண்ணா, ஒன்று மட்டும். அந்தப் பாட்டி வீட்டில் மூன்று பேர் என்றீர்கள். மூவருக்கும் ஷூ அளவு வேண்டும். அப்பா திதிக்குள் வாங்கிவிடலாம் என்று மனைவி சொல்கிறாள்.

கிசுமு கணக்கர் (ஞாயிறு, இரவு 10.20)

பெரியவன் 41. அந்தப் பெண் 38, காகிதம் இல்லாமல். சின்னவன் நிற்க மாட்டேன் என்கிறான். நாளைக்குப் பாட்டி பிடித்து வைக்கிறேன் என்றிருக்கிறார், அளந்து எழுதுகிறேன்.